பன்னீர் மணக்கும் பாரசீக அடுக்குக் கேக்



கொழும்பு நூதனசாலையைப் பார்வையிடச் செல்வோர் அங்கே ஒரு கற்பலகையைக் காணலாம். 1911 ஆம் ஆண்டிற் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டது அது. சீனக் கடற்படைத் தலைவராகிய செங் ஹோவின் பயணங்களோடு தொடர்புடைய அக்கல்லிலே 1409 ஆம் ஆண்டுக்குரிய சாசனம் ஒன்று மூன்று மொழிகளிற் பொறிக்கப்பட்டுள்ளது. ஒன்று சீனம், மற்றொன்று தமிழ், மூன்றாவது பாரசீகம். மாணவர்களை அழைத்துச் சென்று அக்கல்லைக் காட்டும் போதெல்லாம் அவர்களுள் ஒருவராவது, "பாரசீகம் இங்கே எதற்கு வந்தது?" என்று வினவாமல் இருப்பதில்லை. நல்ல வினா. இந்து சமுத்திரத்திலே வாணிகம் செய்த முஸ்லிம் வணிகர் பலருக்கு அக்காலத்தில் விளங்கிய பொதுமொழி பாரசீகம் என்பதே அதற்கு விடை. வணிகர் வந்த கப்பல்களிலே பண்டங்கள் வந்தன. பண்டங்களோடு சொற்களும் வந்தன.

அச்சொற்களைத் தேடி நாம் நூதனசாலைக்குப் போகவேண்டுவதில்லை. நமது அடுக்களையே போதும். பிஸ்தா, பாதாம், கிஸ்மிஸ், சர்பத், பலூதா ஆகிய சொற்கள் யாவும் பாரசீகத்திற் பிறந்தனவோ, அன்றிப் பாரசீகத்தின் வழியாக வந்தனவோ ஆகும். கோடைநாளிற் சிறுவர் விரும்பிப் பருகும் பலூதாவின் மூதாதை, ஈரானிலே ஷிராஸ் நகரத்தார் மாவிழைகளையும் பன்னீரையும் சேர்த்து உறையச் செய்து உண்ணும் 'பாலூதே' என்னும் பண்டமே. இவ்வாறு நெடுங்காலமாக நமக்கு உறவுடைய ஒரு நாட்டின் மணங்களைக் கொண்டு, வீட்டிலே அடுக்குக் கேக் ஒன்று செய்யும் முறையைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக்கிவிடுதல் நலம். உயரமாக அடுக்கப்பட்டு, இடையிடையே கிறீம் பூசப்பட்ட கேக் பாரசீகத்தின் பழைய உணவன்று. அது ஐரோப்பியர் வகுத்த முறை. ஈரானியர் தம் இனிப்புப் பண்டங்களை உலர்ந்தவை, ஈரமானவை என இருவகையாகப் பிரிப்பர். பருப்பு மாவாலும் கடலை மாவாலும் செய்யப்பட்டு நாட்பட இருக்கத்தக்க பலகாரங்கள் முதல்வகை. கிறீம் சேர்ந்த, அன்றன்றே உண்ணவேண்டிய ஐரோப்பிய வகைப் பண்டங்கள் இரண்டாம்வகை. ஆகவே, நாம் செய்யப்போகும் கேக்கின் உடல் ஐரோப்பாவினது, மணம் பாரசீகத்தினது. இந்த மணச்சேர்க்கையின் இயல்பான இருப்பிடம் 'ஷோலே ஸர்த்' என்னும் மஞ்சள்நிறச் சோற்றுப் பாயசமாகும். அரிசியைச் சீனியோடு குழைய வேகவைத்து, குங்குமப்பூவும் பன்னீரும் ஏலமும் சேர்த்து, மேலே கறுவாத் தூளாற் கோலமும் எழுத்தும் வரைந்து, பிஸ்தாவைத் தூவி, நேர்த்திக்கடனாக அயலவர்க்குப் பகிர்ந்தளிப்பது ஈரானிய இல்லங்களின் வழக்கம். பொங்கல் நாளிலே அயல்வீட்டுக்குக் கிண்ணம் அனுப்பும் நமக்கு அவ்வழக்கத்தை எவரும் விளக்கவேண்டுவதில்லை.

இனி, அம்மணங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சிறிது நோக்குவோம்.

பன்னீரை ஈரானியர் 'குலாப்' என்பர். 'குல்' என்றால் மலர். 'ஆப்' என்றால் நீர். காஷான் நகருக்கு அண்மையிலுள்ள கம்சர் என்னும் ஊரிலே வசந்தகாலத்தில் ரோசாக்கள் பூக்கும்போது, வெயில் ஏறுமுன் அவற்றைப் பறித்துவிடுவார்கள். பெரிய செப்புப் பாத்திரங்களில் இதழ்களை நீரோடு இட்டுக் கொதிக்கவைப்பார்கள். எழுகின்ற ஆவி குழாய்வழியே சென்று, குளிர்ந்த நீரினுள் அமர்த்தப்பட்ட கலத்திலே மீண்டும் நீராகின்றது. அதுவே பன்னீர். ஆய்வுகூடத்திலே நம் மாணவர் செய்யும் வடித்தற் பரிசோதனையும் இதுவும் ஒன்றே.

குங்குமப்பூ ஈரானின் கிழக்கே குராசான் பகுதியில் மிகுதியாக விளைகின்றது. இலையுதிர்காலத்திலே ஊதாநிற மலர்கள் பூக்கும். ஒரு மலரிலே மூன்று செந்நிறச் சூல்முடிகள் மாத்திரமே உண்டு. அவற்றைக் கையாற் கிள்ளி உலர்த்த வேண்டும். ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ 1,50,000 மலர்கள் வேண்டப்படும். அதன் விலை ஏன் அவ்வளவு உயர்ந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பிஸ்தாவுக்குப் புகழ்பெற்ற இடம் கேர்மான் மாகாணத்து ரப்சஞ்சான்.

ஏலமோ எனின், அது ஈரானில் விளைவதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளே அதன் தாயகம். ஈரானியர் அதனை 'ஹெல்' என அழைப்பர். அச்சொல்லிலே நமது ஏலத்தின் ஒலியைக் கேட்கலாம். சீனியின் கதையும் அத்தகையதே. கரும்பிலிருந்து சர்க்கரை காய்ச்சும் கலை இந்தியாவிலிருந்து பாரசீகத்துக் குசிஸ்தான் நாட்டுக்குச் சென்று, அங்கிருந்து மேற்கே பரவியது. நம் சர்க்கரை பாரசீகத்திலே 'ஷகர்' ஆகி, அரபியிலே 'சுக்கர்' ஆகி, ஆங்கிலத்திலே 'சுகர்' ஆயிற்று. ஆகவே, பாரசீகக் கேக் என்று நாம் சொல்லும் இப்பண்டத்தின் ஒரு பாதி நம் பக்கத்திலிருந்து அங்கே போனது என்றாலும் பிழையாகாது.

செய்முறைக்குச் செல்லுமுன் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையர் யாவரும் அறிந்த லவ் கேக்கிலும் பன்னீரும் ஏலமும் உண்டு. ரவை, கஜு, முட்டை மஞ்சட்கரு, தேன், சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசினிக்காய் என்பன சேர்ந்த அந்தக் கேக்கை அற்புதமாகச் செய்யும் ஆசிரியை ஒருவர் எங்களோடு பணியாற்றினார். ஒவ்வொரு நத்தாருக்கும் ஆசிரியர் ஓய்வறைக்கு ஒரு தட்டு வரும். அளவு கேட்டால், "கை சொல்லும்" என்று சிரிப்பார். அவர் காலமானபின் அவருடைய மகள், தாயின் நினைவு நாளிலே அந்தக் கேக்கைச் செய்ய விரும்பினார். மூன்று தடவை செய்து பார்த்தார். ஒருமுறை கல்லாயிற்று, ஒருமுறை களியாயிற்று, மூன்றாம் முறை கேக்காயிற்று, ஆனால் அம்மாவின் கேக்காகவில்லை. அந்தக் கை போய்விட்டது. கை சொன்னதை எவரும் எழுதி வைக்கவில்லை.

நமது கறிகள் கண்ணளவாலும் கையளவாலும் நடப்பவை. உப்புக் குறைந்தாற் சேர்க்கலாம்; புளி கூடினால் நீர் விடலாம். கேக் அவ்வாறு மன்னிப்பதில்லை. போறணைக்குள் சென்றபின் அதனைத் திருத்துவதற்கு வழியில்லை. முட்டையும் பட்டரும் விற்கும் விலையிலே ஒரு கேக் வீணாவது ஒரு குடும்பத்துக்குச் சிறிய இழப்பன்று. ஆதலின், தராசைப் பயன்படுத்துங்கள். நான் கூறும் அளவுகளை ஒரு கொப்பியிலே எழுதிக்கொள்ளுங்கள்.

கேக்குக்கு வேண்டியவை: கோதுமை மா 130 கிராம், 'கோர்ன் ஃபிளவர்' எனக் கடைகளில் விற்கும் வெண்ணிறச் சோளமா 30 கிராம், சீனி 180 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, முட்டை 5, மணமற்ற சமையல் எண்ணெய் 80 மில்லிலீற்றர், நீர் 70 மில்லிலீற்றர், பன்னீர் 30 மில்லிலீற்றர், அதாவது 2 மேசைக்கரண்டி, பத்து ஏலக்காய்களின் விதைகள், ஒரு தேசிக்காயின் துருவிய தோலும் அரைத் தேக்கரண்டிச் சாறும்.

கிறீமுக்கு வேண்டியவை: 'விப்பிங் கிறீம்' 400 மில்லிலீற்றர், ஐசிங் சீனி 40 கிராம், குங்குமப்பூ இரு விரல்களாற் கிள்ளியெடுக்கும் அளவு, பால் 2 மேசைக்கரண்டி, பன்னீர் ஒரு தேக்கரண்டி, உப்பிடாத பிஸ்தா 50 கிராம்.

பொருள் வாங்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். திருமண வாயிலிலே தெளிக்கும் பன்னீரும், முகத்திற் பூசுவதற்கென விற்கும் பன்னீரும் உண்பதற்குரியன அல்ல. உணவுக்குரியது எனப் போத்தலிற் குறிப்பிட்டிருத்தல் வேண்டும். பன்னீருக்குப் பதிலாக ரோசா எசன்ஸ் பாவிப்போர் சில துளிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மிகுந்தாற் கேக் சவர்க்காரம்போல மணக்கும். அடுத்தது குங்குமப்பூ. விலையுயர்ந்த பொருளிலே கலப்படம் எளிதில் நுழையும். இரண்டு இழைகளைச் சிறிது நீரில் இட்டுப் பாருங்கள். உண்மையான குங்குமப்பூ மெல்ல மெல்லப் பொன்னிறத்தை விடும். இழையோ நெடுநேரம் செந்நிறமாகவே இருக்கும். போட்டவுடன் நீர் கடுஞ்சிவப்பாகி இழை வெளிறினால், நீங்கள் வாங்கியது சாயமிட்ட நார்.

இனிச் செய்முறை. குங்குமப்பூவை முதலிற் கவனியுங்கள். ஈரானிய இல்லத்தரசியர் அதனை ஒரு சிட்டிகைச் சீனியோடு சிறிய உரலில் இட்டுப் பொடியாக்குவர். சீனிப் பளிங்குகள் இழைகளை அரைக்க உதவுகின்றன. அப்பொடியைச் சூடான பாலிற் கரைத்து மூடி வையுங்கள். குங்குமப்பூவின் நிறப்பொருள் நீரிற் கரைவது, கொழுப்பிற் கரையாது. ஆகவே, நேரே கிறீமில் இட்டாற் பணம் வீணாகும். பாலில் ஊறினாற் சிறிதளவே கிறீம் முழுவதையும் பொன்னாக்கும். பால் நன்றாகக் குளிரட்டும்.

20 சென்ரிமீற்றர், அதாவது 8 அங்குல விட்டமுள்ள வட்டத் தட்டுகள் இரண்டை எடுத்து, அடியில் எண்ணெய்க் கடதாசி இடுங்கள். பக்கங்களில் எண்ணெய் பூச வேண்டாம். எழும்புகின்ற கேக் பக்கத்தைப் பற்றிக்கொண்டே ஏறுகின்றது. வழுக்கும் சுவரில் அது ஏறமாட்டாது. போறணையை 170 பாகை செல்சியசுக்குச் சூடாக்குங்கள்.

ஏல விதைகளை அப்போதே இடித்துக்கொள்ளுங்கள். ஏலத்தின் மணம் ஆவியாகும் எண்ணெயிலே உள்ளது. பொடியாக நாட்பட்டுக் கிடந்தால் நிறம் இருக்கும், மணம் இராது. கோதுமை மா, சோளமா, பேக்கிங் பவுடர், உப்பு, ஏலப்பொடி ஆகியவற்றை அரிதட்டில் இருமுறை அரித்தெடுங்கள். சோளமா சேர்ப்பதன் நோக்கம், கோதுமையிலுள்ள பசைத்தன்மையைக் குறைத்துக் கேக்கை மென்மையாக்குவதாகும்.

முட்டைகள் குளிர்ந்திருக்கும்போது வெண்கருவையும் மஞ்சட்கருவையும் பிரியுங்கள். அப்போது மஞ்சட்கரு எளிதில் உடையாது. பிரித்தபின் இரண்டையும் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். மஞ்சட்கருவோடு சீனியில் 100 கிராமைச் சேர்த்து வெளிறும்வரை அடித்து, எண்ணெய், நீர், பன்னீர், தேசித்தோல் என்பவற்றை இட்டுக் கலக்குங்கள். அரித்த மாவைச் சேர்த்துக் கட்டியின்றிக் கலந்தவுடன் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து வருவது இக்கேக்கின் உயிர்நிலை. வெண்கருவைத் துடைத்துலர்ந்த பாத்திரத்தில் இட்டு, தேசிச்சாறு சேர்த்து அடியுங்கள். வெண்கருவிலுள்ள புரதம் அடிபட்டு விரிந்து, காற்றுக் குமிழிகளைச் சூழ்ந்து மெல்லிய சுவர் கட்டுகின்றது. புளிப்பு அச்சுவரை உறுதியாக்கும். கொழுப்பு அதனைக் குலைக்கும். ஆதலின், ஒரு துளி எண்ணெயோ மஞ்சட்கருவோ அங்கே இருத்தலாகாது. நுரை எழும்பியதும் எஞ்சிய 80 கிராம் சீனியைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். கருவியைத் தூக்கினால் நுரை நிமிர்ந்து நின்று நுனி மாத்திரம் சற்றே வளைய வேண்டும். அதற்கு மேலும் அடித்தால் நுரை வறண்டு துண்டு துண்டாகும்.

இந்நுரையில் மூன்றிலொரு பங்கை முதலில் மாக்குழம்போடு கலந்து இளக்குங்கள். எஞ்சியதை இரண்டு தடவையாகச் சேர்த்து, கரண்டியை அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்குங்கள். சுழற்றி அடித்தால் நீங்கள் உழைத்துச் சேர்த்த காற்றெல்லாம் போய்விடும். இரு தட்டுகளிலும் சமமாக ஊற்றிப் போறணையில் வையுங்கள்.

30 முதல் 35 நிமிடங்கள் வேண்டும். முதல் 25 நிமிடங்களுக்குக் கதவைத் திறவாதீர்கள். உள்ளே காற்று விரிகின்றது. நீர் ஆவியாகி மேலெழுப்புகின்றது. மாவும் முட்டையும் இன்னும் இறுகவில்லை. அவ்வேளையிற் குளிர்காற்று புகுந்தாற் சுவர் அமைவதற்கு முன்னரே கூரை சரிந்துவிடும். இறுதியில் நடுவே ஓர் ஈர்க்கைக் குத்தி எடுங்கள். ஈர்க்கில் ஒட்டாமல் வந்தாற் கேக் வெந்துவிட்டது. தட்டோடு வைத்து முற்றாக ஆறவிட்டு, ஓரத்திலே கத்தியை ஓட்டிக் கழற்றுங்கள்.

கிறீம் அடிப்பதற்குக் குளிர் இன்றியமையாதது. கிறீமிலுள்ள கொழுப்புத் துணிக்கைகள் குளிர்ந்து இறுகியிருந்தாற்றான் ஒன்றோடொன்று இணைந்து காற்றைப் பிடித்து வைக்கும். நம் நாட்டு வெப்பத்திலே அவை உருகி நீர்த்துவிடும். ஆகவே, கிறீமையும் பாத்திரத்தையும் அடிக்கும் கருவியையும் குளிர்சாதனப் பெட்டியிற் சில மணிநேரம் வைத்து, பாத்திரத்தை ஐஸ்கட்டிகளின்மேல் அமர்த்தி, காலையிலோ இரவிலோ அடியுங்கள். ஐசிங் சீனி, குளிர்ந்த குங்குமப்பூப் பால், பன்னீர் என்பவற்றைச் சேர்த்து, கிறீம் தன் உருவிலே நிற்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அதன்மேலும் அடித்தால் அது வெண்ணெயாகத் திரளும்.

ஆறிய கேக்குகள் ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக அரிந்தால் நான்கு அடுக்குகள் கிடைக்கும். கைப்பழக்கம் இல்லாதோர் இரண்டு அடுக்கோடு அமையலாம். சுவையிற் குறைவு வராது. அடுக்குகளின் இடையிலும் மேலும் கிறீமைப் பரப்புங்கள். பக்கங்களை மூட வேண்டுவதில்லை. பொன்னிறமும் வெளிர்நிறமும் மாறிமாறித் தெரிவதே அழகு. நறுக்கிய பிஸ்தாவை மேலே தூவுங்கள். ரோசா இதழ் இட விரும்புவோர், மருந்து தெளிக்காத வீட்டுச் செடியின் இதழையே பயன்படுத்த வேண்டும். பூக்கடை மலர்கள் உணவுக்கு ஆகா. இரண்டு மணிநேரம் குளிரில் வைத்துப் பின் வெட்டுங்கள். கிறீம் சேர்ந்த பண்டமாதலால், உண்டு எஞ்சியதை உடனே குளிர்சாதனப் பெட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

இத்தனை உழைப்பும் யாருடையது என்ற வினாவையும் நாம் தட்டிக்கழித்தலாகாது. விருந்தினர் வரும் நாளிலே தாய் அடுக்களையிலே நிற்க, ஏனையோர் முன்றிலில் உட்கார்ந்து கேக் எப்போது வருமெனக் காத்திருக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இக்கேக் அவ்வழக்கத்தை மாற்றுவதற்கு ஏற்றது. நிறுப்பதற்கு ஒருவர், அரிப்பதற்கு ஒருவர், நுரை அடிப்பதற்கு ஒருவர், கடிகாரம் பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். நுரை அடித்தலும் வடித்தலும் வெப்பமும் பாடநூலிற் படித்தவை, கையிலே செய்து பார்த்தால் மறவா. மகன்மாரையும் அழையுங்கள். மா அரிப்பதனால் எந்த ஆண்பிள்ளைக்கும் குறைவு வந்ததில்லை.

ஈரானியர் தம் புத்தாண்டாகிய நவ்ரூஸை, பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாத நாளிலே கொண்டாடுவர். 2009 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அப்பண்டிகையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. அந்நாட்களிலே சிறியோர் மூத்தோரின் இல்லம் தேடிச் செல்வர். செல்வோர்க்குத் தேநீரும் இனிப்பும் காத்திருக்கும். சில வாரங்களில் வரும் நம் சித்திரைப் புத்தாண்டிலும் அதே வழக்கம். விலையுயர்ந்த குங்குமப்பூ வாங்க இயலாதோர் ஏலத்தோடும் பன்னீரோடும் நிறுத்திக்கொள்ளலாம். பிஸ்தாவுக்குப் பதிலாக நம் கஜுவை இடலாம். வருவோரை வரவேற்கும் மனத்துக்கு அதனாற் குறையில்லை.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இக்கேக்கை முதன்முறை செய்து முடித்தபின், கொப்பியிலே நான் கூறிய அளவுகளுக்குப் பக்கத்தில் உங்கள் அனுபவத்தையும் குறித்து வையுங்கள். உங்கள் போறணைக்கு எத்தனை நிமிடம் பிடித்தது, உங்கள் போத்தற் பன்னீரில் எத்தனை கரண்டி போதுமாயிருந்தது, பிள்ளைகள் சீனியைக் கூட்டச் சொன்னார்களா, குறைக்கச் சொன்னார்களா என்பவற்றைத் திகதியோடு எழுதுங்கள். இன்னும் உங்கள் தாயார் உங்களோடு இருப்பாராயின், இந்த வாரமே அவர் அருகில் ஒரு தராசோடு அமர்ந்து, அவர் கை அள்ளும் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் சிரிக்கக்கூடும், சிரிக்கட்டும். நீங்கள் எழுதுவதை நிறுத்த வேண்டாம்.